சைக்கிள் சீட்டில் ஏன் வலிக்கிறது, எந்தச் சீட்டு பொருந்தும்?

நாற்பது வயதைக் கடந்த சென்னை அன்பர் ஒருவரின் கேள்வி இது. சில மாதங்களுக்கு முன்பு ஹைப்ரிட் சைக்கிள் வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போய்த் திரும்புகிறார். பாதி வழியிலேயே பின்புறம் வலிக்கத் தொடங்குகிறது என்பதால் ஜெல் கவர் ஒன்றை வாங்கிச் சீட்டின் மேல் மாட்டினார். இப்போது வலியோடு, நடுப்பகுதி மரத்தும் போகிறது. குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் நிகழ்வான பி.ஆர்.எம்.மில் அடுத்த ஆண்டு 200 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு எந்தச் சீட்டை வாங்கலாம் என்று கேட்கிறார்.

முதல் வேலையாக அந்த ஜெல் கவரைக் கழற்றிவிடுங்கள். மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். சைக்கிளில் உட்காரும்போது உடலின் எடையைத் தாங்க வேண்டியவை, இடுப்பெலும்பின் அடியில் இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு எலும்பு முனைகள். மர பெஞ்சில் உள்ளங்கைகளைப் புட்டத்துக்கு அடியில் வைத்து உட்கார்ந்தால் கையில் குத்தும் இரண்டு இடங்கள் அவைதாம். அவற்றுக்கு நடுவே, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட மென்மையான பகுதி வழியாகத்தான் பிறப்புறுப்புக்குப் போகும் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் செல்கின்றன. தடித்த ஜெல்லின் மேல் உட்கார்ந்தால் எலும்பு முனைகள் அதற்குள் அமிழ்கின்றன. அப்படி ஒதுக்கப்பட்ட ஜெல் நடுவில் மேடாக எழுந்து, எடையே விழக்கூடாத அந்த மென்பகுதியை அழுத்துகிறது. கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும்போது இதமாகத் தோன்றும் சீட்டு, ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு தொல்லையாவது இதனால்தான். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களின் சைக்கிள்களில் சீட்டுகள் பார்க்கவே கடினமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அவர்கள் வலியைச் சகித்துக்கொள்வதற்கான அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். எலும்பைத் தாங்கக்கூடிய உறுதி அந்தச் சீட்டில் இருப்பதால்தான் அவர்களால் பத்து மணி நேரம் அதில் உட்கார முடிகிறது.

அடுத்து, எங்கே வலிக்கிறது என்பதைத் துல்லியமாகக் கவனியுங்கள். வலிக்கும் இடமே காரணத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். எலும்பு முனைகள் இரண்டிலும் நாணய அளவுக்கு ஓர் அசதி போன்ற வலி இருந்தால், புதிதாக ஓட்டுகிறவருக்கு அது இயல்பு. வாரத்துக்கு மூன்று நான்கு நாள் சிறிது சிறிதாக ஓட்டினால் இரண்டு மூன்று வாரங்களில் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட தூரம் போய்விட்டு ஆறு நாள் சைக்கிளைத் தொடாமல் இருப்பவருக்கு இந்தப் பழக்கம் ஏற்பட வாய்ப்பே இல்லை. தொடையின் உட்புறத்தில் எரிச்சல் என்றால் சீட்டின் முன்னால் நீண்டிருக்கும் மூக்குப் பகுதி உங்களுக்கு அகலமாக இருக்கிறது, அல்லது சீட்டு உயரமாக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வலித்தால் சீட்டு நேராகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; நேராக இருந்தும் வலித்தால் கால்களின் நீளத்தில் வேறுபாடு இருக்கலாம். நடுப்பகுதி மரத்துப்போவதை மட்டும் எந்த நிலையிலும் இயல்பென்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். 'பழகப் பழகச் சரியாகிவிடும்' என்று சைக்கிள் குழுவில் யாராவது ஆறுதல் சொன்னாலும் கேட்காதீர்கள். நரம்பின் மேல் தொடர்ந்து விழும் அழுத்தம் பழக்கத்தால் தீருவதில்லை.

இது பற்றி அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், சைக்கிளில் ரோந்து செல்லும் காவலர்களிடம் நடத்திய ஆய்வு குறிப்பிடத்தக்கது. 2008இல் வெளியான அந்த ஆய்வில், 90 காவலர்களுக்கு மூக்கே இல்லாத சீட்டுகளைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் செய்தார்கள். முன்பு மரத்துப்போகும் தொல்லை இல்லை என்று சொன்னவர்கள் 27 விழுக்காட்டினர். ஆறு மாதம் கழித்து அது 82 விழுக்காடாக உயர்ந்தது. அதற்காக நீங்களும் மூக்கில்லாத சீட்டுதான் வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். வளைவுகளில் தொடையால் சைக்கிளைக் கட்டுப்படுத்த மூக்குப் பகுதி உதவுகிறது. நிமிர்ந்து மெதுவாக ஓட்டுகிறவருக்கு ஒத்துவரும் மூக்கில்லாத சீட்டு, சாலையில் முன்சாய்ந்து வேகமாகப் போகிறவருக்கு எளிதில் ஒத்துவருவதில்லை. ஆனால் மூக்கின் மேல் எடை விழுவதுதான் பிரச்சினையின் வேர் என்பதை அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது. எடையை மூக்கிலிருந்து பின்னுக்குக் கொண்டுவர, நீங்கள் பணம் செலவழிக்கத் தேவையில்லாத வழிகள் சில இருக்கின்றன.

அவற்றில் முதன்மையானது சீட்டின் உயரம். நம் ஊர்க் கடைகளில் சைக்கிளை ஒப்படைக்கும்போது, உட்கார்ந்த நிலையிலேயே இரண்டு பாதங்களும் தரையில் படும்படி சீட்டை இறக்கிவைத்துத் தருவது வழக்கம். வாங்குகிறவருக்கும் அது பாதுகாப்பாகத் தோன்றுகிறது. ஆனால் சீட்டு அவ்வளவு தாழ்ந்திருந்தால் கால் ஒருபோதும் நீள்வதில்லை. பெடலை அழுத்தும் கால்கள் உடல் எடையில் ஒரு பங்கைத் தாங்க முடியாமல் போய், முழு எடையும் சீட்டின் மேல் இறங்குகிறது. அளவைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, செருப்பில்லாத குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் வளையாமல், இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் குதிகால் சரியாக எட்ட வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் தேவையான சிறு வளைவு தானாக வந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பினால், கவட்டையிலிருந்து தரை வரையுள்ள அளவை 0.883ஆல் பெருக்குங்கள், பெடலைத் தாங்கும் கையான கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த நீளம் இருக்க வேண்டும். 80 சென்டிமீட்டர் கவட்டை அளவுள்ளவருக்கு இது 70.6 சென்டிமீட்டர். பிரெஞ்சுப் பயிற்றுநர் சிரில் கிமாரின் அணியில் இருந்த அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் மூலம் பரவலான கணக்கு இது. தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொண்டு, அங்கிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவில் திருத்திக்கொள்ளலாம்.

அளவுக்கு மேல் உயர்த்துவதும் தவறு. ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருவருக்குப் பின்னால் சிறிது தூரம் ஓட்டிப்பாருங்கள்: சீட்டு உயரமாக இருப்பவரின் இடுப்பு, ஒவ்வொரு மிதிக்கும் வலமும் இடமுமாக ஆடுவது தெளிவாகத் தெரியும். பெடல் எட்டாததால் அவர் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் சாய்ந்து எட்டுகிறார். நிமிடத்துக்கு எழுபது எண்பது முறை மிதித்தால், ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை தொடை இடுக்கின் தோல் சீட்டின் விளிம்பில் இழுபடுகிறது. புண்ணின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் இடுப்பு ஆடுகிறதா என்பதை நீங்களே உணர்வது கடினம் என்பதால், நண்பர் ஒருவரைப் பின்னால் வரச் சொல்லிக் கைபேசியில் படமெடுத்துப் பாருங்கள்.

அடுத்தது சீட்டின் சாய்மானம். சமதளத்தில் சைக்கிளை நிறுத்தி, சீட்டின் மேல் கனமான அட்டையுள்ள நோட்டுப் புத்தகத்தை நீளவாக்கில் வைத்து, அதன் மேல் கைபேசியை வைத்து மட்டம் பார்க்கும் செயலியைத் திறவுங்கள். பூச்சியப் பாகையில் தொடங்குங்கள். மரத்துப்போகும் தொல்லை இருந்தால் மூக்கை ஒரு பாகை, தேவைப்பட்டால் இரண்டு பாகை இறக்கலாம். அதற்கு மேல் இறக்கினால் உடல் முன்னால் சறுக்கும். சறுக்காமல் இருக்கக் கைகளால் ஊன்றுவீர்கள். பின்புறத்து வலி மணிக்கட்டுக்கும் தோளுக்கும் இடம் மாறும். சீட்டை அதன் அடியிலுள்ள தண்டவாளக் கம்பிகளில் முன்பின்னாக நகர்த்துவதும் உண்டு. கிராங்க் தரைக்கு இணையாக இருக்கும்போது, முழங்காலுக்குச் சற்றுக் கீழேயுள்ள எலும்பு மேட்டிலிருந்து தொங்கவிடும் நூல்குண்டு பெடல் அச்சின் மேல் விழ வேண்டும் என்பது பழைய வழக்கு. அதற்கு உறுதியான உடலியல் அடிப்படை இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. ஆனாலும் எங்கிருந்தாவது தொடங்க வேண்டும் என்பதால் நான் இன்னும் அதையே சொல்கிறேன்.

ஹேண்டில்பாரை மறந்துவிடாதீர்கள். அது எட்டாத தூரத்திலோ மிகத் தாழ்வாகவோ இருந்தால் இடுப்பெலும்பு முன்னோக்கிச் சுழன்று, எலும்பு முனைகள் சீட்டை விட்டு எழும்பி, எடை மூக்கின் மேல் வந்துவிடும். சீட்டில் எப்போதும் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறீர்கள் என்றால், குறை சீட்டில் இருப்பதைவிட ஹேண்டில்பாரின் தூரத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மை நீளம் குறைந்ததாக மாற்றினால் சில நேரம் புதுச் சீட்டே தேவைப்படாது. பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். ஹேண்டில்பார் சீட்டைவிடத் தாழ்ந்திருக்கும்போது பிறப்புறுப்புப் பகுதியில் அழுத்தம் கூடி உணர்வு குறைவதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெண் ஓட்டுநர்களிடம் அளந்து காட்டியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் பெண்கள் கூச்சத்தால் பேசாமல் இருந்துவிட்டு, சைக்கிளையே மூலையில் நிறுத்திவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. வீக்கமும் எரிச்சலும் அவர்களுக்கும் வருபவைதாம். இதே முறையில் தீருபவையும்கூட.

இவ்வளவையும் சரிசெய்து இரண்டு மூன்று வாரம் ஓட்டிய பிறகும் தொல்லை நீடித்தால், அப்போது சீட்டை மாற்றலாம். சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அகலம். உங்கள் எலும்பு முனைகளுக்கு இடையேயான தூரத்தை வீட்டிலேயே அளக்கலாம். பார்சல் பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த, உள்ளே அலையலையாக மடிப்புள்ள அட்டை ஒன்றைக் கடினமான நாற்காலியிலோ படிக்கட்டிலோ போட்டு, மெல்லிய கால்சட்டையுடன் அதன் மேல் உட்காருங்கள். சைக்கிளில் இருப்பது போலவே முன்சாய்ந்து, குதிகால்களைத் தூக்கி, அரை நிமிடம் அசையாமல் இருங்கள். எழுந்ததும் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். தெரியாவிட்டால் விரல் நுனியால் தடவிப் பார்த்துப் பேனாவால் வட்டமிடுங்கள். வட்டங்களின் நடுவிலிருந்து நடுவுக்குள்ள தூரம் பெரும்பாலோருக்கு 100 முதல் 140 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பெண்களுக்குச் சராசரியாகச் சற்றுக் கூடுதல்; ஆனால் உடல் பருமனுக்கும் இந்தத் தூரத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. ஒல்லியானவருக்கு அகலச் சீட்டும் பருமனானவருக்குக் குறுகிய சீட்டும் பொருந்துவது உண்டு. முன்சாய்ந்து ஓட்டுகிறவர் அளந்த தூரத்தோடு 20 மில்லிமீட்டர் போலக் கூட்டிக்கொள்ளலாம். ஹைப்ரிட்டில் ஓரளவு நிமிர்ந்து ஓட்டும் உங்களைப் போன்றவர் 30 அல்லது அதற்கு மேலும் கூட்டலாம். ஸ்பெஷலைஸ்ட் போன்ற நிறுவனங்கள் ஒரே சீட்டை 143, 155 மில்லிமீட்டர் என்று பல அகலங்களில் விற்பது இதற்காகத்தான். ஓரங்கள் வழுக்கி இறங்கும்படி வளைந்த சீட்டில் முழு அகலமும் பயன்படாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அகலத்துக்குப் பிறகு வடிவம். நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டு, மரத்துப்போகும் பலருக்கு விடிவாக அமைகிறது; அதே திறப்பின் விளிம்பு அழுத்தி வலி தருவதும் சிலருக்கு நேர்கிறது. கடந்த பத்தாண்டில் பரவிய குறுமூக்குச் சீட்டுகள், வழக்கமான 270 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பதில் 240 போல் இருப்பவை. முன்சாய்ந்து ஓட்டும்போது மென்பகுதியை அவை தொந்தரவு செய்வது குறைவு. நடுத்திறப்புள்ள குறுமூக்குச் சீட்டு ஒன்றைத்தான் உங்கள் நிலையில் நான் முதலில் முயன்று பார்ப்பேன்.

தோல் சீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1866இல் ஜான் பூல்ட்பி புரூக்ஸ் இங்கிலாந்தில் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனத்தின் பி17 சீட்டு, நூற்றாண்டைக் கடந்தும் நெடும்பயணிகளின் விருப்பமாக நீடிக்கிறது. மெத்தை ஏதும் இல்லாமல், முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துக் கட்டிய ஒற்றைத் தடித்த தோல் அது. புதுத் தோல் செருப்பு காலுக்குப் பழகுவது போல, சில நூறு கிலோமீட்டரில் உங்கள் எலும்பு முனைகள் படும் இடத்தில் மட்டும் அது குழிந்துகொள்ளும். நம் தாத்தாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸ், ராலே ரோட்ஸ்டர்களின் சுருள் வில் வைத்த தோல் சீட்டுகளும் இந்த ஆங்கிலேய மரபில் வந்தவையே. நிமிர்ந்து உட்கார்ந்ததால் எடை முழுவதும் எலும்பில் இறங்கியது. அந்தச் சீட்டுகள் அகலமாக இருந்தன. வில்கள் குண்டும்குழியுமான சாலையின் அதிர்ச்சியை வாங்கின. அதே வில் சீட்டை உங்கள் ஹைப்ரிட்டில் மாட்டினால் அந்தச் சுகம் முழுமையாகக் கிடைக்காது, ஏனென்றால் நீங்கள் அவர்கள் அளவுக்கு நிமிர்ந்து உட்காரவில்லை. பி17 நல்ல தேர்வுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் நனைந்த தோலின் மேல் உட்கார்ந்து ஓட்டினால் அது வடிவம் கெட்டுத் தொய்ந்துவிடும். மழையுறை எப்போதும் பையில் இருக்க வேண்டும். அந்தக் கவலை வேண்டாம் என்பவர்களுக்கு, அதே நிறுவனம் ரப்பரும் பருத்தித் துணியும் கொண்டு செய்யும் கேம்பியம் சி17 உண்டு.

நம் ஊர்க் கடைகளில் சீட்டை ஓட்டிப் பார்த்து வாங்கும் வசதி அரிது. சைக்கிள் குழுவில் கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய எல்லோர் வீட்டிலும் தங்களுக்குப் பொருந்தாமல் கழற்றிவைத்த சீட்டு ஒன்றாவது கிடக்கும். சீட்டுகளின் அடித்தண்டவாளம் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் உருளைக் கம்பியாகவே இருப்பதால், ஓர் ஆலன் கீயால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். மாற்றும் முன், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டில் இப்போதுள்ள உயரத்தை மின்சார டேப் சுற்றி அடையாளமிடுங்கள். புதுச் சீட்டின் தடிமன் வேறாக இருக்கும் என்பதால் மேற்பரப்பு வரை மீண்டும் அளந்து பூட்டுங்கள். உயரம், சாய்மானம், சீட்டு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பயன் தந்தது என்பது தெரியவே தெரியாது.

உடையைப் பொறுத்தவரை, உங்களைப் போலத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்குப் பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் அவசியம். சீட்டில் போட்ட மெத்தை உங்களோடு நகராது. உடலோடு ஒட்டிய பேட் நகரும், ஆகவே உரசல் குறையும். அதனுள்ளே ஜட்டி அணியக் கூடாது. வியர்வையில் நனைந்த பருத்தித் துணியும் அதன் தையலும் சேர்ந்து தோலை அறுத்துவிடும். ஜீன்ஸின் தடித்த நடுத்தையல் இன்னும் மோசம். சென்னையின் புழுக்கத்தில் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பினால் அரை மணியில் அது குழைந்து கட்டிகட்டியாகிவிடும். உரசும் இடங்களில் இதற்கென்று விற்கும் சாமி கிரீமை (chamois cream) தடவுங்கள். வாசலினும் வேலை செய்யும், ஆனால் பேடில் ஏறினால் துவைத்து எடுப்பது கடினம். ஓட்டி முடித்ததும் ஷார்ட்ஸுடனே டிபன் சாப்பிட உட்காரும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். உடனே கழற்றி, குளித்து, உடலை நன்றாகத் துவட்டிக்கொள்ளுங்கள். துவைக்காத ஷார்ட்ஸை மறுநாள் அணிவது மயிர்க்கால் அழற்சிக்கு நேர்வழி. அதே காரணத்தால் அப்பகுதியில் மழித்துக்கொள்வதையும் தவிர்க்கலாம்.

சிவந்த சிறு பரு தோன்றிய கட்டத்திலேயே இரண்டு மூன்று நாள் ஓட்டாமல் இருந்து, வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் உட்கார்ந்து எழுந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கிள்ளவோ பிதுக்கவோ கூடாது. அது பெரிதானால் எவ்வளவு வலிமையானவரையும் இறக்கிவிடும்: அயர்லாந்தின் ஷான் கெல்லி, 1987இல் ஸ்பெயினின் வுவெல்தா பந்தயத்தில் முதலிடத்துக்கான மேற்சட்டையை அணிந்திருந்த நிலையிலேயே, சீட்டுப் புண்ணால் பந்தயத்தை விட்டு விலக நேர்ந்தது. கட்டி கடினமாகி வளர்ந்தால், சீழ் பிடித்தால், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த அளவுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. ஓட்டி முடித்த பிறகும் மரத்த உணர்வு விலகாவிட்டால் அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

200 கிலோமீட்டர் பி.ஆர்.எம்.முக்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம் உண்டு. அதில் பெரும்பகுதி நேரம் சீட்டில்தான் கழியும் என்பதால், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று இருபது முப்பது மிதி மிதிக்கும் பழக்கத்தை இப்போதே உண்டாக்கிக்கொள்ளுங்கள். ரத்த ஓட்டம் திரும்ப அவ்வளவு போதும். வேகத்தடையையோ பள்ளத்தையோ கண்டால் சீட்டிலிருந்து எழும்பிவிடுங்கள். டயரில் காற்றைப் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள உச்ச அளவு வரை ஏற்றாதீர்கள். உங்கள் ஹைப்ரிட்டின் அகலமான டயருக்கு அது தேவையில்லை, சற்றுக் குறைத்தால் சாலையின் அதிர்வு சீட்டுக்கு வருவது கண்கூடாகக் குறையும். நிகழ்வுக்கு ஒரு மாதம் முன்பே சீட்டு, உயரம், ஷார்ட்ஸ் எல்லாவற்றையும் முடிவுசெய்து, அதற்குள் அதே அமைப்பில் 100 கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள். புத்தம்புது ஷார்ட்ஸை அன்றுதான் முதன்முதலாகப் போட வேண்டாம். கிரீமைச் சிறு டப்பா ஒன்றில் எடுத்துக்கொண்டு, நடுவழிச் சோதனை நிலையமான கண்ட்ரோலில் எரிச்சல் தெரிவதற்கு முன்பே மீண்டும் ஒரு முறை தடவிக்கொள்ளுங்கள்.